எங்கள் வண்டி உயர்ந்த கதை

கல்லூரி மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியதும் என் தோழியர் தலைப்புகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி தாய்மைக்குப் போனாள். ஒருத்தி நிலவுக்குப் போனாள். பழவேற்காட்டு டச்சுக்காரர் கல்லறையை இருவர் முன்கூட்டியே பிடித்துவிட்டார்கள். எனக்கு எஞ்சியது எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய பிக்கப் வண்டி ஒன்றுதான். “வண்டியைப் பற்றி என்னடி எழுதப் போகிறாய்?” என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். கண்ணில் துரு விழ, கையில் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு, அந்த வண்டியின் அடியில் மல்லாந்து படுத்து நான் கழித்த இரவுகள் எந்த நிலா இரவுக்கும் குறைந்தவை அல்ல.

காட்டூரை அறியாத நண்பர்களுக்கு இரண்டு சொல். பொன்னேரிக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியின் தென்பக்கத்தை ஒட்டிய ஊர்களில் அதுவும் ஒன்று. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி எங்கள் ஏரி. இறால், நண்டு, மடவை, கெளுத்தி என்று அது கொடுப்பதைக் கொண்டே பல குப்பங்கள் பிழைக்கின்றன. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள்; அதற்குப் ‘பாடு’ என்று பெயர். என் நைனாவுக்குப் பாடும் படகுமே உலகம். எங்கள் பக்கத்தில் தகப்பனாரை நைனா என்றுதான் அழைப்போம். என் அண்ணனுக்கோ உலகம் நான்கு சக்கரத்தின் மேல் இருந்தது. கடன் வாங்கிச் செகண்ட் ஹேண்டில் ஒரு பிக்கப் வண்டி எடுத்தான். விடியுமுன் பழவேற்காட்டிலும் குப்பங்களிலும் பெட்டிகளை ஏற்றி, பொன்னேரி, மீஞ்சூர் வழியாகக் காசிமேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் தொழில்.

மீன் பெட்டி என்றால் மீன் மட்டுமா? மீனுக்கு ஏறத்தாழச் சமமாக ஐஸ் போட வேண்டும். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக வழிந்து நேரே பின் ஸ்பிரிங் பட்டைகளின் மேல் சொட்டும். இரும்புக்கு இதைவிடப் பொல்லாத எதிரி கிடையாது. மூன்று ஆண்டில் எங்கள் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்த கோழியைப் போல ஆகிவிட்டது. பாரம் ஏற்றினால் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் கட்டை மீது போய் இடிக்கும். ‘டங்’ என்று அந்த ஓசை கேட்கும்போதெல்லாம் அண்ணன் முகம் சுருங்கும்.

இந்த நிலையில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பொன்னேரி வட்டாரம் பட்ட பாட்டை இக்கல்லூரியில் பலர் நேரில் பட்டிருக்கிறீர்கள். தண்ணீர் வடிந்த பிறகும் தாழ்வான சாலைகளில் முழங்காலளவு நீர் நின்றது. நீருக்கடியில் பள்ளம் எது, மேடு எது என்று தெரியாது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது பின்பக்கத்தில் ஒரு பட்டை முறிந்தது. அந்த வாரம் முழுவதும் வண்டி வாசலில் நின்றது. தவணை மட்டும் நிற்கவில்லை.

வீட்டில் சும்மா இருந்தவன் கைப்பேசியில் படம் பார்க்கத் தொடங்கினான். ஆஸ்திரேலியாவிலும் தாய்லாந்திலும் பிக்கப் வண்டிகளை ஓரடி உயரத்துக்குத் தூக்கி, ஆளுயரச் சக்கரம் மாட்டி, ஆற்றுக்குள் இறக்கி மறுகரை ஏற்றுகிறார்களே, அந்தப் படங்கள்! இது அங்கெல்லாம் தனி வியாபாரமாகவே வளர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1975-இல் தொடங்கிய ஏ.ஆர்.பி. என்ற நிறுவனம் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், முன்தடுப்பு என்று வண்டியை மாற்றியமைக்கும் உறுப்புகளை விற்றே உலகெங்கும் பெயர் பெற்றது. அவ்வளவு தொலைவு போவானேன்? போடிப் பக்கம் மலைத்தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்புகளும், கொழுக்குமலைக்குச் சுற்றுலாக்காரரை ஏற்றிப்போகும் ஜீப்புகளும் இருக்கின்றன. பாறைமேல் ஏறி இறங்குவதற்காக அவையும் உரம் ஏற்றப்பட்டவைதாம்.

“நம்ம வண்டியையும் தூக்கிடலாம் பாப்பா. தண்ணியும் தொடாது, லோடும் தாங்கும்” என்றான் அண்ணன்.

ஒரே மருந்தில் இரண்டு நோயைத் தீர்க்கப் பார்த்தான் என்பதை இப்போது சொல்வேன். அன்று எனக்கும் அது தோன்றவில்லை. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண், தலையை ஆட்டினேன்.

சென்னைக்குப் போகும் வழியில் ஒரு பட்டறை. பெயர் வேண்டாம். மேஸ்திரி ஐம்பது வயதுக்காரர். கைவேலையில் குறை சொல்ல முடியாதவர். நான் கூடவே நின்று பார்த்ததில் அவருக்குக் கொஞ்சம் கூச்சம். “பாப்பா, கிரீஸ் படும், தள்ளி நில்லும்மா” என்று பத்து தடவை சொன்னார். பதினோராவது தடவை அவரே ஸ்பேனரை எடுத்துத் தரச் சொன்னார்.

வேலையைச் சற்று விரித்துச் சொல்கிறேன். சொந்த வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு உதவலாம். முதலில் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கினார்கள். ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போகவில்லை. சட்டத்தின் இரு பக்கமும் இரும்புக் குதிரை வைத்த பிறகுதான் போனார்கள். அச்சைப் பட்டைக் கட்டோடு சேர்த்துப் பிடித்திருப்பவை யூ போல்ட்டுகள். உப்புத் தண்ணீர் குடித்த நட்டுகள் அசைய மறுத்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார்கள். கடைசியில் இரண்டை அறுத்தேதான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்த யூ போல்ட்டைத் திரும்ப மாட்டக் கூடாது என்றார் மேஸ்திரி. ஒரு தடவை இழுபட்டு இறுகிய கம்பியை மறுபடி நம்ப முடியாதாம். அது முற்றிலும் உண்மை.

பட்டைக் கட்டைக் கீழிறக்கி, பிடிப்பானில் நெரித்து வைத்து, நடுப் போல்ட்டைக் கழற்றியதும் ஐந்து பட்டைகளும் தனித்தனியாக வந்தன. முறிந்ததற்குப் புதுப் பட்டை. அதோடு நில்லாமல் பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதல், ஐந்து ஏழாயிற்று. பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் தடவினார்கள். முறிந்த பட்டையைப் பற்றவைத்துக்கொள்ளலாமே, செலவு மிச்சம் என்று அண்ணன் கேட்டதற்கு மேஸ்திரி அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஸ்பிரிங் எஃகை நெருப்பில் காட்டினால் அதன் பதம் போய்விடும். பிறகு அது வெறும் இரும்புத் தகடு.

பிறகு அண்ணன் ஆசைப்பட்ட உயரம். கட்டுக்கும் அச்சுக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டர் இரும்புக் கட்டை ஒன்று. அதற்கேற்ற நீளமான புது யூ போல்ட்டுகள். முன்பக்கத்திலும் சிறிது உயர்த்தினார்கள். உயரத்துக்குப் பழைய ஷாக் அப்சார்பர் எட்டாது என்பதால் நீளமானது வாங்கினோம். அது புகழ்பெற்ற பெயரைப் போலவே எழுதப்பட்ட ஏதோ ஒரு பெயர் தாங்கியது. பாதி விலை என்றால் அண்ணனுக்கு எழுத்துப் பிழை கண்ணில் படாது.

வேலை தொடங்குமுன் அண்ணன் ஒரு குறும்பு செய்திருந்தான். வீட்டு வாசலில் வண்டியை வெறுமையாக நிறுத்தி, பின்சக்கரத்தின் மேல் வளைவு எந்த உயரத்தில் இருக்கிறது என்று சுவரில் கரிக்கோடு போட்டு வைத்தான். திரும்பி வந்ததும் மறுபடி நிறுத்தி இன்னொரு கோடு போட்டான். இரண்டுக்கும் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி. கட்டை தந்தது ஐந்து, கூடுதல் பட்டைகள் தந்தது ஒன்றரை. தெருப் பையன்கள் கூடி நின்று பார்த்தார்கள். அந்தக் கரிக்கோடுகளைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்து நாள் திருவிழாதான். பாரம் ஏற்றினாலும் வண்டி தலை நிமிர்ந்து நின்றது. ‘டங்’ ஓசை போயிற்று. “ஐந்து பெட்டி சேர்த்துப் போடலாம் போலிருக்கே” என்று அண்ணனுக்கு ஆசை வந்தது, போட்டான். பிறகுதான் மெல்ல மெல்லக் குறைகள் தலைகாட்டின. வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஒவ்வொரு குழிக்கும் பின்பக்கம் எகிறிக் குதித்தது. உடன் வரும் கிளீனர் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். உயிர் நண்டுகள் கால் உடைந்து இறங்கின. கால் உடைந்த நண்டுக்குக் காசிமேட்டில் என்ன விலை என்று கேட்காதீர்கள். ஐஸ் நொறுங்கி விரைவில் உருகியது. வளைவுகளில் வண்டி ஒருபக்கம் சாய்ந்து நிமிரச் சற்று நேரம் எடுத்தது. இவை எல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை என்றே நினைத்தோம்.

பொறுக்க முடியாதது 2024 பிப்ரவரியில் ஒரு விடியற்காலையில் நடந்தது. அன்று எனக்குச் செய்முறைத் தேர்வு. பேருந்துக்கு நிற்காமல் அண்ணனோடு ஏறிக்கொண்டேன். முழுப் பாரம். திருப்பாலைவனம் தாண்டி ஒரு வளைவில் பனி இறங்கியிருந்தது. எதிரே, சாலை நடுவே, சைக்கிளில் பால் கேனோடு ஒரு பெரியவர். வேகம் அதிகமில்லை, வழக்கமாக நிற்கும் தூரத்தில்தான் அண்ணன் பிரேக்கை மிதித்தான். வண்டியின் மூக்கு தாழ்ந்தது. முன்சக்கரங்கள் கீச்சிட்டு இறுகின. பின்பக்கத்தில் பிடித்த உணர்ச்சியே இல்லை. யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல வண்டி வழுக்கிக்கொண்டே போயிற்று. ஸ்டியரிங்கைத் திருப்பினான், இறுகிய சக்கரம் எங்கே திரும்பும்? நேராகத்தான் போயிற்று.

பெரியவர் தாமாகவே சைக்கிளை வயலுக்குள் விட்டுக் குதித்தார். நாங்கள் அவர் நின்ற இடத்தையும் தாண்டிப்போய், ஒரு சக்கரம் ஓரத்துப் பள்ளத்தில் இறங்க நின்றோம். முன்வரிசைப் பெட்டிகள் சரிந்து கண்ணாடியில் மோதின. பால் முழுவதும் சேற்றில். பெரியவர் எழுந்து, சேற்றைத் துடைத்துக்கொண்டு, அண்ணனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நைனா, உனக்கு பிரேக்கு கீதா இல்லியா?” திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம்.

பாலுக்குப் பணம் கொடுத்தோம். தேர்வுக்கு அரைமணி தாமதமாகப் போனேன். கை நடுக்கத்தில் முதல் அளவீட்டையே தவறாகக் குறித்தேன்.

பிரேக்கைப் பார்க்கச் சொன்னோம். வேறொரு மெக்கானிக் பேடு, லைனிங் எல்லாம் மாற்றி, எண்ணெய் மாற்றி, காற்று எடுத்துக் கொடுத்தார். சோதித்துப் பார்த்தால் வெறும் வண்டி நன்றாகவே நின்றது. பாரம் ஏற்றினால் அதே கதை. “லோடு ஜாஸ்தி தம்பி” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி எங்கே ஒளிந்திருந்தது?

அந்த வாரம் ஆய்வகத்தில் சுருள்வில் சோதனையை மறுபடி செய்துகொண்டிருந்தேன். உங்களில் பலரும் செய்ததுதான்: வில்லில் எடைகளைத் தொங்கவிட்டு நீட்சியை அளந்து மாறிலி கண்டுபிடிப்பது. ராபர்ட் ஹூக் இந்த விதியை 1676-இல் எழுத்துகளைக் குலைத்துப் புதிராக வெளியிட்டு, 1678-இல்தான் விடையைச் சொன்னார். அவ்வளவு பத்திரமாகக் காத்த விதி. நான் ஒரு தெரியாத எடையை மாட்டி, அட்டவணையைப் பார்த்து விடை எழுதினேன். எங்கள் பேராசிரியர் எட்டிப் பார்த்து, “நேற்று நீ வைத்திருந்த வில் இதுதானா?” என்றார். இல்லை, வில்லை வேறு மேசைக்காரர்கள் மாற்றிவிட்டார்கள். “அப்படியானால் நீ எடையை அளக்கவில்லையம்மா. நீளத்தை அளந்திருக்கிறாய். பழைய வில்லின் அட்டவணையைப் புது வில்லுக்குப் படிக்கிறாய்” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

எனக்கு ஏனோ சுவரில் இருந்த கரிக்கோடுகள் நினைவுக்கு வந்தன.

அன்று இரவே வண்டியின் அடியில் புகுந்தேன். பின் அச்சுக்குச் சற்று முன்னால், சட்டத்தில் பொருத்திய ஒரு சிறு வால்வு. அதிலிருந்து ஒரு நெம்புகோல். அந்த நெம்புகோலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி கீழிறங்கி அச்சில் பிடித்திருந்தது. மெக்கானிக்குகள் எல்.எஸ்.பி.வி. என்பார்கள். பின்சக்கரப் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்று பாரத்தைப் பார்த்துப் பங்கிடும் வால்வு அது. பிரேக் போடும்போது எடை முன்னோக்கிச் சாய்கிறது, பின்பக்கம் இலேசாகிறது. வெறும் வண்டியில் பின்சக்கரத்துக்கு முழு அழுத்தம் போனால் அது இறுகி வழுக்கி, வண்டியே சுழன்றுவிடும். ஆகவே வெறும் வண்டிக்குக் குறைவாகவும் பாரவண்டிக்கு நிறையவும் கொடுக்க வேண்டும். சரி, பாரம் ஏறியிருக்கிறது என்று வால்வுக்கு எப்படித் தெரியும்? அதற்குத் தராசு கிடையாது. பாரம் ஏறினால் பட்டை அமுங்கும். சட்டம் அச்சை நெருங்கும். கம்பி நெம்புகோலை மேலே தள்ளும். அவ்வளவுதான். அதுவும் நீளத்தைத்தான் அளக்கிறது. அளந்ததைப் பாரம் என்று நம்புகிறது.

எங்கள் வண்டியில் அந்தக் கம்பி விறைத்துக் கீழே இழுபட்டிருந்தது. நெம்புகோல் அடித்தளத்தில் கிடந்தது. மறுநாள் வழக்கமான பாரம் ஏற்றியதும் அண்ணனைச் சுவரோரம் வண்டியை நிறுத்தச் சொல்லி அளந்தேன். முழுப் பாரத்தில் வண்டி ஐந்து சென்டிமீட்டர்தான் இறங்கியிருந்தது. அதாவது, பழைய நாளில் வெறுமையாக நின்றபோது போட்ட முதல் கோட்டைவிட ஒன்றரை சென்டிமீட்டர் மேலே! பாரம் நிறைந்த வண்டி, வெறும் வண்டியைவிட வெறுமையாக வால்வுக்குத் தெரிந்திருக்கிறது. அது தன் கடமையைத் தவறாமல் செய்தது; பின்பிரேக்கை அடக்கி வைத்தது. பனிமூட்டத்தில் எங்களைத் தள்ளியது எந்தப் பேயும் அல்ல.

கம்பியின் பிடியை மாற்றி, நீளத்தைச் சரிசெய்தால் போதாதா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தபோது பாதிதான் சரியாகும் என்று தெரிந்தது. இரும்புக் கட்டை செய்தது தொடக்கப் பிழை. அதைக் கம்பியில் திருத்திவிடலாம். கூடுதல் பட்டை செய்தது வேறு. எல்லாப் பட்டைகளும் ஒரே வலிமை என்று எளிதாக வைத்துக்கொண்டால், ஐந்து ஏழானபோது விறைப்பு ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக, 1.4 மடங்காகக் கூடிவிட்டது. முன்பு ஏழு சென்டிமீட்டர் அமுங்கிய பாரத்துக்கு இப்போது ஐந்துதான் அமுங்கும். அளவுகோலின் கோடுகளே நெருங்கிவிட்டன. கம்பியை எங்கே பிடித்தாலும் ஒரு முனையில் சரியாகவும் மறுமுனையில் தவறாகவும்தான் இருக்கும்.

அண்ணனிடம் சொன்னேன். பட்டையையும் கட்டையையும் கழற்ற வேண்டும். கூடுதலாக ஏற்றும் பெட்டிகளையும் விட வேண்டும். அவன் கோபம் எனக்குப் புரிந்தது. செய்த செலவு போயிற்று. ஐந்து பெட்டியின் வாடகை தவணைக்குப் பெரிய கை கொடுத்துக்கொண்டிருந்தது. “காலேஜிலே படிச்சுட்டா வண்டியைப் பத்தி எல்லாம் தெரிஞ்சுடுமா? ஊர்லே எல்லாரும் பட்டை ஏத்தித்தானே ஓட்டுறான்?” என்றான். பதில் சொல்ல முடியவில்லை. எல்லாரும் ஏற்றித்தான் ஓட்டுகிறார்கள்.

திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்த நைனா தலை நிமிராமலே கேட்டார்: “படகிலே பாரம் எவ்ளோ இருக்குன்னு எப்டிடா பாப்பே?”

“எவ்ளோ அமுங்கியிருக்குன்னு பாத்துத்தான்.”

“அடியிலே நாலு காலி டிரம்மைக் கட்டிட்டு, அமுங்கவே இல்லே, இன்னும் ஏத்துன்னா?”

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். அன்றிரவு சாப்பிடவும் வரவில்லை. மறுநாள் அதிகாலை என்னை எழுப்பி, “அந்தக் கம்பி எங்கேன்னு காட்டு” என்றான். டார்ச் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். “அந்தப் பெரியவரு குதிக்காம இருந்திருந்தா” என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

இடையே ஒரு செய்தி. இப்படி வண்டியை மாற்றுவது சட்டப்படியும் சரியல்ல. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைப் பற்றியதுதான். தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்சநீதிமன்றமும் 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உறுதியாகச் சொல்லிவிட்டது. இது அண்ணனுக்குத் தெரியாது. எனக்கும் பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் அவன் ஆய்வுச் சான்றுக்குப் போகும் நாளை மட்டுமே எண்ணியிருப்பான் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். வள்ளுவர்கூட மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சைப் பற்றி எச்சரித்திருக்கிறார். கெளுத்தி மீன் ஏற்றுபவன் அது தனக்கல்ல என்று இருந்துவிடுகிறான்.

அதே பட்டறைக்கே போனோம். மேஸ்திரியிடம் கம்பியைக் காட்டியபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. “முப்பது வருஷமா பட்டை ஏத்துறேன். லாரியிலே ஏத்தின பழக்கம். இதை நான் பாக்கலேம்மா” என்றார். கூலி பாதிதான் வாங்கினார். கழற்றிய கட்டைகளை அவரே ஓரமாகத் தூக்கிப் போட்டார்.

இந்தத் தடவை ஐந்து பட்டையும் புதிது. வண்டிக்கு உரிய அளவு, உரிய வளைவு. உட்கார்ந்த கோழிக்கு வேண்டியிருந்தது இதுதானே தவிர இரண்டு கூடுதல் கால்கள் அல்ல. ஷாக்கிள் புஷ்களும் மாற்றினோம். அவற்றின் போல்ட்டை வண்டி தரையில் தன் எடையில் நின்ற பிறகே இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். யூ போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கினோம்.

ஷாக் அப்சார்பரைப் பற்றி ஒரு பொதுத் தவறு உண்டு, எங்களுக்கும் இருந்தது. அது பாரம் தாங்கும் என்று நினைக்கிறோம். தாங்காது. பாரம் தாங்குவது பட்டை மட்டுமே. குழியில் விழுந்த பட்டை ஊஞ்சலாய் ஆடிக்கொண்டே இருக்காமல், உள்ளே இருக்கும் எண்ணெயைச் சிறு துளைகளில் நெருக்கி அனுப்பி, ஆட்டத்தின் வேகத்தைச் சூடாக மாற்றித் தணிப்பது மட்டுமே ஷாக் அப்சார்பரின் வேலை. வண்டியின் மூலையை அமுக்கிவிட்டால் ஒரு முறை எழும்பி நிற்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினாலோ உடலில் எண்ணெய் கசிந்திருந்தாலோ அது ஓய்ந்துவிட்டது என்று பொருள். எழுத்துப் பிழை உள்ள எங்கள் ஷாக் இரண்டு மாதத்தில் கசிந்திருந்தது. இம்முறை வண்டிக்கு உரியதையே ரசீதோடு வாங்கினோம். பெட்டியிலிருந்து எடுத்ததும் அப்படியே மாட்டாமல், நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை முழுக்க இழுத்து அமுக்கி, உள்ளே படுத்திருந்த காற்றை வெளியேற்றிவிட்டு மாட்டினார் மேஸ்திரி. அந்தக் கடைசி வேலையை என்னிடம் கொடுத்தார். முதலில் தொளதொளவென்று போனது, நாலாவது இழுப்பில் கையை எதிர்த்து நின்றது.

வால்வின் கம்பியைக் கையேட்டில் கண்ட அளவுக்கு வைத்தோம். பாரம் ஏற்றி, ஆளில்லாத ஒரு நேர்ச்சாலையில் அண்ணன் பிரேக்கை மிதித்தான். வண்டி நான்கு காலையும் ஊன்றி நின்றது. அவன் மறுபடி ஓட்டி மறுபடி மிதித்தான். ஐந்தாறு தடவை.

தண்ணீர் நிற்கும் சாலைக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். வழி இல்லை. இப்போதும் மழைநாளில் முழங்காலளவு நீர் நின்றால் அவன் வண்டியை இறக்குவதில்லை. சுற்றுவழியில் போகிறான், அல்லது அன்றைய வாடகையை விடுகிறான். அந்தச் சாலையை உயர்த்துவது வேறு யாருடைய வேலையோ. மாதத்தில் இரண்டு மூன்று நாள் அதனால் நட்டம்தான். தவணையில் ஒன்று பிந்தியது. என் வளையல் சில மாதம் வேறிடத்தில் இருந்தது, திரும்பி வந்துவிட்டது. நண்டுகள் காலோடு போய்ச் சேர்கின்றன. ஒவ்வொரு நாளும் ஓட்டம் முடிந்ததும் பின்பட்டைகளை நல்ல தண்ணீரால் கழுவுவது என் பங்கு.

சுவரில் இப்போது மூன்று கோடுகள். மேலே இருந்த கரிக்கோட்டை மழை பாதி அழித்துவிட்டது. முதல் கோட்டை அண்ணன் சுண்ணாம்பால் எடுத்து எழுதியிருக்கிறான்; அதற்குக் கீழே ஏழு சென்டிமீட்டரில் இன்னொன்று. பெட்டி ஏற்றும் நாட்களில் வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, கீழ்க்கோட்டுக்கு வந்ததும் போதும் என்று கை காட்டுவது நைனா. சில நாள் அண்ணன் “இன்னும் ஒண்ணு நைனா” என்று கெஞ்சுவான். பாட்டுக்குப் போகும் அவசரத்திலும் அவர் குனிந்து ஒரு தடவை கோட்டைப் பார்ப்பார்.

பால்காரப் பெரியவரை வாரம் இரண்டு மூன்று தடவை அதே வளைவில் பார்க்கிறோம். எங்கள் வண்டியின் விளக்கு தூரத்தில் தெரிந்ததுமே அவர் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்றுகொள்கிறார். பிரேக் சரியாகிவிட்டது என்று அண்ணன் ஒருநாள் நிறுத்திச் சொன்னான். “சரிப்பா” என்றார். மறுநாளும் இறங்கித்தான் நின்றார்.